விமானத் தொழிலில் சம்பள இடைவெளி: எங்கிருந்து எங்கே அளப்பது?

ஒரு தொழிலில் உச்சியில் இருப்பவர் அடியில் இருப்பவரைப்போல் எத்தனை மடங்கு சம்பளம் வாங்கலாம்? கேள்வி மிகப் பழையது. பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் சொத்து வேறுபாட்டுக்கு நான்கு மடங்கு என்று வரம்பு கட்டினார். 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அரசுப் பணியாளர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. தனித்திறன் கொண்ட நிபுணர்களுக்கு மட்டும் விலக்கு. நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் இருபது மடங்குவரை போகலாம் என்றார். எண்கள் மாறினாலும் எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: உச்சியும் அடியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பது.

விமானத் தொழிலில் அந்த அனுமானம் நிற்பதில்லை. டெல்லியில் உட்கார்ந்து சான்றளிக்கும் அதிகாரி, பெங்களூரில் கையெழுத்திடும் மேலாண் இயக்குநர், ஓசூர்ப் பக்கம் அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்கும் ஃபிட்டர் ஆகிய மூவரும் ஒரே விமானத்துக்காக உழைக்கலாம். மூவருக்கும் சம்பளம் கொடுப்பவர் வேறு வேறு. தொகையைத் தீர்மானிக்கும் விதிகளும் வேறு வேறு. இந்த இடைவெளிக்குச் சொல்லப்பட்டுவரும் விளக்கங்கள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை ஓசூர் வட்டாரத்தை முன்வைத்துத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சானமாவைச் சுற்றி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கிறது சானமாவுக் காடு. குளிர்காலத்தில் யானைக் கூட்டம் வந்து தங்கும்போது செய்தியில் அடிபடும் பெயர். ராகியும் தக்காளியும் விளையும் இந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் சூளகிரி, மறுபக்கம் ஓசூர் சிப்காட். அதையும் தாண்டித் தளி சாலையில் பேளகொண்டப்பள்ளி. அங்கே சொந்த ஓடுதளத்தோடு இருக்கிறது தனேஜா ஏரோஸ்பேஸ் அண்ட் ஏவியேஷன் நிறுவனம்.

1988-ல் பதிவான இந்த நிறுவனம், இந்தியாவில் சிறு விமானம் கட்ட இறங்கிய முதல் தனியார் நிறுவனமாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியின் பார்த்தெனாவியா நிறுவனத்தோடு சேர்ந்து ஆறு பேர் அமரும் இரட்டை எஞ்சின் பி68-சி விமானத்தைக் கட்டியது. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்து 1993 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த இருவர் விமானமான ‘ஹன்சா’வும் பின்னாளில் இங்கே உற்பத்தியானது. ஆனால் சிறு விமானத்துக்கு இந்தியாவில் சந்தை திறக்கவே இல்லை. நிறுவனம் இஸ்ரோ, எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) போன்றவற்றுக்குக் கட்டமைப்புப் பாகங்கள் செய்து கொடுப்பது, ஓடுதளத்தையும் ஹாங்கரையும் பராமரிப்பு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது என்று பிழைக்கும் வழியைப் பார்த்துக்கொண்டது. ஏர் ஒர்க்ஸ் நிறுவனம் பயணிகள் விமானங்களைப் பராமரிப்பதும் இதே வளாகத்தில்தான்.

இது ஓசூருக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. அமெரிக்காவில் 1978-ல் 17,811 சிறு விமானங்கள் உற்பத்தியாயின; 1994-ல் அது 928. செஸ்னா நிறுவனமே 1986-ல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை நிறுத்திவைத்தது. நம் நாட்டில் எச்ஏஎல் 1950-களின் இறுதியில் பறக்கும் சங்கங்களுக்காகக் கொண்டுவந்த ‘புஷ்பக்’ விமானமும் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. ஆக, சிறு விமானத் தொழிலாளியின் சம்பளத்தைப் பேசும்போது அடிப்படையான ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்டர் பத்து வந்தால் பத்து, வராவிட்டால் பூஜ்யம். கார் தொழிற்சாலைபோல் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வண்டி வெளியே வந்தால்தான் தொழிற்சங்கத்துக்குப் பேரம் பேச இடம் இருக்கும். அதே ஓசூரில் அசோக் லேலண்டிலும் டிவிஎஸ்ஸிலும் நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைத்த ஒப்பந்த உயர்வுகளோடு விமானப் பாகத் தொழிலை ஒப்பிட முடியாமல் போவதற்கு இது முக்கியமான காரணம் என்று தோன்றுகிறது.

திறமைக்குக் கூலியா, தாளுக்குக் கூலியா

இடைவெளிக்கு முதல் விளக்கத்தைத் தந்தவர் ஆடம் ஸ்மித். கற்கக் கடினமான, பொறுப்பு மிகுந்த, நிச்சயமற்ற வேலைக்குக் கூலி கூடும் என்று 1776-ல் எழுதினார். விமானியின் சம்பளத்துக்கு இன்றும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். பெருமளவு பொருந்தவும் செய்கிறது.

ஆனால் ரிவெட் வேலையை அருகிலிருந்து பார்த்தால் இந்த விளக்கம் தள்ளாடுகிறது. இரண்டு தகடுகளை ஜிக்கில் பொருத்தி, ஸ்பிரிங் ஊசிகளால் இறுக்கி, துளை போட்டு, பிசிறு எடுத்து, மறுபடி சேர்த்து ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே ஒருவர் காற்று விசைத் துப்பாக்கியைப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வால்மீது அழுத்திப் பிடிப்பார். இருவர் கையும் ஒத்துப்போகவில்லையென்றால் தலை சரியும், தகடு பள்ளம் விழும், துளை விரியும். விரிந்த துளைக்கு அடுத்த அளவு ரிவெட் போடலாமா, தகட்டையே கழிப்பதா என்பதை ஆய்வாளர் முடிவு செய்வார். சில ரகங்களில் கழிபடும் பாகத்தின் விலை அடித்தவரின் பல மாதச் சம்பளத்தைத் தாண்டும். கடினம், பொறுப்பு, தவறினால் வரும் சேதம் ஆகிய மூன்றும் இங்கே நிறையவே உண்டு. கூலி மட்டும் அந்த அளவுக்கு உயர்வதில்லை.

ஏன்? ஒரு விடை: சந்தை விலை கொடுப்பது திறமைக்கு அல்ல, திறமைக்கான தாளுக்கு. பராமரிப்புத் துறையில் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். அந்த உரிமத்தைக் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ. உரிமம் அவருடைய சொந்தச் சொத்து. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். உற்பத்திக் கூடத்தில் நிலைமை வேறு. அங்கே ஒப்புதல் நிறுவனத்துக்கு உரியது. பாகத்தைச் சான்றளிக்கும் உரிமையை நிறுவனம் தன் ஆய்வாளருக்குத் தருகிறது. இருபது வருடம் ரிவெட் அடித்த ஃபிட்டர் வெளியேறும்போது அவரிடம் இருப்பது ஓர் அனுபவச் சான்றிதழ் மட்டும்.

உரிமக் கோட்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. 2022 ஜூலையில் இண்டிகோ நிறுவனத்தின் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் பலர் ஐதராபாத், டெல்லி போன்ற இடங்களில் ஒரே நேரத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எடுத்தார்கள். குறைந்த சம்பளமே காரணம் என்று செய்திகள் வந்தன. பராமரிப்புக் கூடத்துக்குள்ளேயே உரிமம் உள்ளவர், இல்லாதவர் என்ற பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டியது. உரிமத்தை நோக்கிய ஏணியில் ஏறிக்கொண்டிருப்பவர் என்ற பெயரிலேயே ஒருவரை வருடக்கணக்கில் குறைந்த கூலியில் வைத்திருக்க முடிகிறது.

நிர்வாகிகளின் விலை

மேல்நிலை நிர்வாகிகளின் சம்பளத்துக்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று விளக்கங்கள் போட்டியிட்டு வந்திருக்கின்றன.

முதலாவது பந்தயக் கோட்பாடு. 1981-ல் லஸியரும் ரோசனும் முன்வைத்தது. தலைவரின் பெரிய சம்பளம் அவர் உழைப்புக்கான கூலி அல்ல. அந்த நாற்காலிக்குக் கீழே ஓடிக்கொண்டிருப்பவர்களை ஓடவைக்கும் பரிசு. இரண்டாவது அளவுக் கோட்பாடு. அமெரிக்காவில் 1980-க்கும் 2003-க்கும் இடையே தலைமை நிர்வாகிகளின் ஊதியம் ஆறு மடங்கு உயர்ந்ததை, நிறுவனங்களின் சந்தை மதிப்பு அதே அளவு உயர்ந்ததோடு பொருத்திக் காட்டினார்கள் கபேயும் லாண்டியேயும் (2008). மூன்றாவது அதிகாரக் கோட்பாடு. இயக்குநர் குழுவே நிர்வாகியின் கையில் இருந்தால் தன் சம்பளத்தை அவரே எழுதிக்கொள்கிறார் என்று 2004-ல் பெப்சுக்கும் ஃபிரீடும் வாதிட்டார்கள்.

இவற்றில் எதையும் ஓசூர் அளவிலான நிறுவனத்தின்மீது அப்படியே ஒட்டவைக்க முடியாது. பந்தயம் ஓட இங்கே பல அடுக்கு நிர்வாகம் இல்லை. சந்தை மதிப்பும் சிறியது. அதிகாரக் கோட்பாடு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் இந்தியச் சிறு நிறுவனங்களில் நிர்வாகியும் பெரும் பங்குதாரரும் பெரும்பாலும் ஒரே குடும்பம். அவர் சம்பளத்தைக் குறைவாக வைத்து ஈவுத்தொகையாகவும் பங்கு மதிப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும் நிறுவனத்தில் சம்பள விகிதம் காந்தியக் கூட்டுறவுச் சங்கம்போல் அடக்கமாகத் தெரியும்.

இந்தியச் சட்டம் இங்கே சுவாரசியமான ஒரு காரியம் செய்கிறது. 1956-ன் கம்பெனிச் சட்டத்திலும் சரி, 2013-ன் சட்டத்திலும் சரி, நிர்வாகிகளின் மொத்த ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 11 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. தனி மேலாண் இயக்குநர் ஒருவருக்கு 5 சதவீதம். லாபம் இல்லாவிட்டால்? 2013 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, செயல் மூலதனம் 5 கோடிக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்திலும் ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்வரை தர அனுமதிக்கிறது. சிறப்புத் தீர்மானம் போட்டால் அதற்கு மேலும் போகலாம். முன்பு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்ட இடங்களில் 2018 செப்டம்பருக்குப் பிறகு பங்குதாரர் தீர்மானமே போதும். நஷ்டக் காலத்துக்கும் ஒரு தொகையைச் சட்டம் நிர்வாகிக்கு எழுதி வைத்திருக்கிறது. தொழிலாளிக்கு அதே இடத்தில் இருப்பது குறைந்தபட்சக் கூலி மட்டும்.

அதிகாரிகளின் ஏணி

அரசு சம்பளம் இந்த விவாதத்தில் எப்போதும் நல்ல பிள்ளை. முதல் சம்பளக் கமிஷன் காலத்தில் அடிமட்டத்துக்கு 55 ரூபாய், உச்சிக்கு 2,000 என்று முப்பத்தாறு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது கமிஷனில் அடி 18,000. உச்சி, அதாவது அமைச்சரவைச் செயலாளருக்கு, 2,50,000. பதினான்கு மடங்குக்கும் குறைவு. கராச்சித் தீர்மானத்தின் ஆசை ஓரளவு நிறைவேறியது இங்கேதான்.

தேசிய வான்வெளி ஆய்வக விஞ்ஞானிகளும் டிஜிசிஏ அதிகாரிகளும் இந்த ஏணியில் நிற்பவர்கள். அவர்கள் மேற்பார்வை செய்யும் விமானிகளோ சந்தை ஏணியில். விளைவு 2014 ஜனவரியில் வெளிப்பட்டது. முழுநேர விமான இயக்க ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதை முக்கியக் குறையாகக் காட்டி, அமெரிக்க விமான ஒழுங்காற்று அமைப்பு இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. பெரிய விமானத்தைச் சோதிக்க அந்த விமானத்தை ஓட்டிய விமானி வேண்டும். அவரோ விமான நிறுவனத்தில் வாங்குவதை விட்டுவிட்டு அரசு சம்பளத்துக்கு வரமாட்டார். ஒப்பந்த அடிப்படையில் சந்தைச் சம்பளம் கொடுத்து ஆட்களை எடுத்த பிறகு 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் இந்தப் பதவிகளுக்கான விளம்பரங்களில் மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் குறிப்பிடப்படுகிறது. அமைச்சரவைச் செயலாளரின் அடிப்படைச் சம்பளத்தைப்போல் இரு மடங்கு.

‘நிபுணர்களுக்கு விலக்கு’ என்று 1931-ல் வைத்த சிறு கதவு இவ்வளவு அகலமாகத் திறந்துவிட்டது. இடைவெளியைச் சுருக்கும் கொள்கைக்கு எதிராகச் சந்தைவாதிகள் காட்டும் வலுவான எடுத்துக்காட்டு இதுவே. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதேசமயம் அவர்கள் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழு, டிஜிசிஏவின் 1,063 அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 553 மட்டுமே நிரம்பியிருப்பதாகச் சுட்டிக்காட்டியது. காலியிடங்களை விமானிகள் கிடைக்காததோடு மட்டும் முடிச்சுப் போட முடியாது. தொழில்நுட்ப அதிகாரிகளை எடுக்கும் முறையே மெதுவானது. விமானி ஆய்வாளருக்குத் திறந்த சந்தைக் கதவு, பாக உற்பத்திக் கூடத்துக்கு வந்து தகட்டையும் ஆவணத்தையும் பார்க்கும் தகுதியாய்வு அதிகாரிக்கு அதே அளவில் திறக்கவில்லை. சிறு விமானத் தொழிலுக்கு அன்றாடம் வேண்டியவர் இந்த இரண்டாமவர்.

எச்ஏஎல், 2019

இடைவெளிப் பிரச்சினை வெளிப்படையாக வெடித்த அண்மை நிகழ்வு ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் நடந்தது. 2019 அக்டோபர் 14-ல் எச்ஏஎல் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெங்களூர் மட்டுமல்ல, நாட்டின் பல பிரிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 20,000 பேர். கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்து முடிந்தது.

சங்கங்கள் கேட்டது சம்பள உயர்வு என்று செய்திகள் சொன்னன. நுணுக்கமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டது சமவிகிதம். பொதுத்துறை அதிகாரிகளுக்கான 2017-ன் மத்திய அரசு ஆணை, 15 சதவீதம்வரை நிர்ணயப் பயனும் 35 சதவீதம்வரை சலுகைப்படியும் அனுமதித்தது. அதிகாரிகளுக்கு அது வந்துவிட்டது. தொழிலாளர்களுக்கு நிர்வாகம் முன்வைத்த சதவீதங்கள் குறைவு. ‘எங்களுக்கும் அதே 15, அதே 35’ என்பதே கோரிக்கை. ஏற்கெனவே மேலே இருப்பவருக்குக் கூடுதல் சதவீதமும் கீழே இருப்பவருக்குக் குறைந்த சதவீதமும் தந்தால் விகிதமே விரியும் என்ற அவர்களின் கணக்கு தவறல்ல.

கணக்கின் மறுபாதியையும் போட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு, ஒருவர் 20,000, இன்னொருவர் 1,00,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே 15 சதவீதம் என்றால் முதலாமவருக்கு 3,000, இரண்டாமவருக்கு 15,000. விகிதம் ஐந்தாகவே நிற்கும். ரூபாய் இடைவெளி 80,000-லிருந்து 92,000 ஆகும். சங்கங்கள் முழு வெற்றி பெற்றிருந்தாலும் மளிகைக் கடையில் உணரப்படும் இடைவெளி வளர்ந்தே இருக்கும். சம்பள விவாதங்களில் ‘மடங்கு’ என்ற அளவுகோல் எவ்வளவு சாமர்த்தியமானது என்பதற்கு இது போதும்.

இதே வாதத்தின் அமெரிக்க வடிவம் 2024-ல் போயிங்கில் நடந்தது. ஏறக்குறைய 33,000 இயந்திரத் தொழிலாளர்கள் செப்டம்பர் 13 முதல் ஏழு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு ஆண்டுகளில் 38 சதவீத உயர்வு பெற்றார்கள். பழைய ஓய்வூதியத்தை மீட்க முடியவில்லை. முந்தைய ஆண்டுக்குத் தலைமை நிர்வாகிக்கு அறிவிக்கப்பட்ட மொத்த ஊதியம் ஏறக்குறைய 3.3 கோடி டாலர் என்பது மறியல் வாசல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. நடுவானில் கதவு அடைப்பு பறந்துபோன போயிங் விமானம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் செய்தியாகியிருந்ததால், இடைவெளிக்கும் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. 102 தொழிற்பிரிவுகளை ஆராய்ந்து 1992-ல் கவ்ஹர்டும் லெவினும் எழுதிய கட்டுரை, மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இடையே ஊதிய நியாயம் கூடுதலாக உள்ள இடங்களில் பொருளின் தரமும் கூடுதலாக இருந்ததைக் கண்டது. தொடர்பு இருப்பது தெரிகிறது. எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. நல்ல நிறுவனம் இரண்டையும் சேர்ந்தே செய்யலாம்.

வேலை கைமாறும்போது

எச்ஏஎல் தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் செய்ய ஒரு வாசல் இருந்தது. அதே விமானத்தின் பாகத்தை ஓசூரிலோ பெங்களூரின் பீன்யாவிலோ செய்பவருக்கு எந்த வாசலில் நிற்பது என்பதே சிக்கல்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எச்ஏஎல் விலை சொல்லும்போது அதன் அடிப்படைகளில் ஒன்று ‘மனித மணி விகிதம்’. ஒரு மணி நேர உழைப்புக்கு நிறுவனத்தின் சம்பளம், நிலையச் செலவு எல்லாம் ஏற்றி நிர்ணயிக்கப்படும் தொகை அது. வேலையை வெளியே கொடுக்கும்போது மிகக் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர். அங்கே மனித மணியின் விலை போட்டியில் நசுங்குகிறது. அதே வரைபடம், அதே ரிவெட், அதே ஆய்வு முத்திரை. கூலி மட்டும் வாசலைத் தாண்டியதும் வேறு. வெளியாளும் தன் வேலையின் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அவர் ஆட்களை லேபர் கான்ட்ராக்டரிடம் எடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு கமிஷன் கழிகிறது.

இந்த அமைப்பை ‘பிளவுபட்ட பணியிடம்’ என்று 2014-ல் விவரித்தார் டேவிட் வைல். அமெரிக்காவில் 1978-க்கும் 2013-க்கும் இடையே வருமான ஏற்றத்தாழ்வு கூடியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே நிறுவனத்துக்குள் நிகழவில்லை, நிறுவனங்களுக்கு இடையே நிகழ்ந்தது என்று 2019-ல் சாங்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இது இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பந்தயம், அளவு, அதிகாரம் என்ற மூன்று விளக்கங்களைவிட இது ஓசூரை நன்றாக விளக்குகிறது என்று எனக்குப் படுகிறது. அந்த மூன்றும் தலைவரின் சம்பளம் ஏன் உயர்ந்தது என்று கேட்கின்றன. இது தொழிலாளி ஏன் அந்தத் தலைவரின் கணக்கிலிருந்தே காணாமல் போனார் என்று கேட்கிறது.

பயிற்சியாளர் என்ற பெயரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. தொழிற்பழகுநர் விதிகளில் 2019-ல் செய்த திருத்தம் மாத உதவித்தொகையின் கீழ்வரம்பைத் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய்வரை வைத்தது. 2013-ல் தொடங்கிய ‘நீம்’ திட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டவர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. ஐடிஐ முடித்த பையன் மூன்று வருடம் மூன்று கம்பெனிகளில் ‘டிரெய்னி’யாகவே சுற்றிவருவது இந்தப் பக்கம் யாருக்கும் புதுச்செய்தி அல்ல.

எல்லைக்கோடு தன் பங்குக்குக் குழப்புகிறது. ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அப்புறம் அத்திப்பள்ளி. குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு அங்கே கர்நாடகத்தினுடையது, இங்கே தமிழ்நாட்டினுடையது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் மாநில எல்லை பார்ப்பதில்லை. அவை பெங்களூரைப் பார்த்தே ஏறுகின்றன. மின்னணுத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு, சிறு விமானப் பாகக் கூடங்கள் பழகிய கைகளைத் தக்கவைக்கச் சம்பளத்தைக் கூட்டியே தீர வேண்டும் என்று பொருளாதாரப் பாடம் சொல்லும். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்த கூடத்தால் அதைச் செய்ய முடியுமா என்பது வேறு.

சட்டம் எண்ணுவதும் விடுவதும்

2013 கம்பெனிச் சட்டத்தின் 197(12) பிரிவும் 2014-ன் விதிகளும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, அரசு நிறுவனம் அல்லாத ஒவ்வொரு நிறுவனமும் இயக்குநர் ஊதியம் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு 1.02 கோடி ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களின் விவரமும் தர வேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் இதுபோன்ற விகிதத்தை 2018-ல்தான் வெளியிடத் தொடங்கின, நாம் முந்திக்கொண்டோம். தனேஜாவும் இண்டிகோவும் பட்டியலிட்டவை என்பதால் இரண்டின் விகிதங்களும் எவரும் பார்க்கக்கூடியவை.

பார்த்து என்ன பயன் என்பதுதான் சிக்கல். இடைநிலை என்பது ஊழியர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்ப்பது. அந்த வரிசையில் கான்ட்ராக்டரின் ஆட்கள் நிற்பதில்லை. கீழ்மட்ட வேலை அனைத்தையும் வெளியே தள்ளிவிட்டால் இடைநிலை தானாக உயரும், விகிதம் அழகாகக் குறையும். கூலியை யாருக்கும் ஒரு ரூபாய்கூட உயர்த்தாமலே நியாயமான நிறுவனம் ஆகலாம். செபியின் புதிய பொறுப்பறிக்கை வடிவம் நிரந்தரமல்லாத தொழிலாளரையும் தனியாகக் காட்டச் சொல்கிறது. அது சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கே கட்டாயம். ஓசூரின் பெரும்பாலான பாக உற்பத்திக் கூடங்கள் பங்குச் சந்தைப் பக்கமே வராதவை.

நீதிமன்றங்கள் போன பாதையும் இதேபோல் பாதியில் நிற்கிறது. சென்னை ஆலை ஒன்றைப் பற்றிய ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலியில் கல்வி, மருத்துவம், முதுமை போன்றவற்றுக்காக 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்றது. தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. முதலாவது தரையைப் பேசுகிறது. இரண்டாவது அரசுப் பணியைப் பற்றியது. மூன்று கைமாறிய தனியார் பாகத் தொழிலாளிக்கு இரண்டும் அரைகுறையாகவே எட்டுகின்றன. உச்சிக்கும் அடிக்குமான உறவைக் கொள்கையாகப் பேச முயன்றது 1978-ன் பூதலிங்கம் குழு. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அறிக்கை அலமாரிக்குப் போனது.

திறந்திருப்பவை

நிபுணருக்குச் சந்தை விலை தராமல் ஒழுங்காற்று அமைப்பை நடத்த முடியாது என்பதை 2014 காட்டிவிட்டது. ஒரே சதவீத உயர்வு இடைவெளியைக் குறைக்காது என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஆண்டறிக்கை விகிதம் வெளியாட்களை எண்ணாதவரை அதைக்கொண்டு இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவது ஏமாற்றம் தரும் என்பதும் ஓரளவு உறுதி. மற்றவை வழக்கில் இருக்கின்றன.

சம்பள இடைவெளிக்கும் விமானப் பாகத்தின் தரத்துக்கும் உள்ள உறவு இந்தியக் கூடங்களில் சோதிக்கத்தக்கது. கழிபடும் பாகங்களின் கணக்கு ஒவ்வொரு கூடத்திலும் எழுதி வைக்கப்படுகிறது. அதைக் கூலிப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். எட்டாவது சம்பளக் கமிஷன் 2025-ல் வேலையைத் தொடங்கியிருக்கிறது. தொழில்நுட்ப ஒழுங்காற்று அதிகாரிகளைப் பொதுவான அட்டவணையிலேயே வைப்பதா, தனி ஏணி தருவதா என்பதை அது தொடுமா என்பது தெளிவில்லை. 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் தாழ்வாரத்தில் ஓசூர் ஒரு முனையம். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தின் 150 கிலோமீட்டர் விலக்கு 2033 வரை குறுக்கே நிற்கிறது. இந்தத் திட்டங்களுக்கான அறிவிப்புகளில் வேலைகளின் எண்ணிக்கை இடம்பெறுவது வழக்கம். எத்தனை பேர் நேரடிச் சம்பளப் பட்டியலில், எத்தனை பேர் கான்ட்ராக்டில் என்ற பிரிப்பு இடம்பெறுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட உடனடியானது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றின் 57-வது பிரிவு. நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது அது. விதிவிலக்குகளும் கூடவே உண்டு. அதே தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு தொடங்கும் ஆள் எண்ணிக்கையை 20-லிருந்து 50 ஆக உயர்த்தியும் இருக்கிறது. முப்பது பேரை அனுப்பும் கான்ட்ராக்டர் இந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடுவார். விமானக் கட்டமைப்புக் கூடத்தில் ரிவெட் அடிப்பது மையப் பணியா, ஆய்வுக்கு முன்பு தகடு துடைப்பது மையப் பணியா, ஹாங்கரில் விமானத்தை இழுத்து நிறுத்துவது மையப் பணியா என்று யாரேனும் கேட்டால் தீர்மானிக்க வேண்டியது உரிய அரசு. அந்தத் தீர்மானங்கள் எழுதப்படும்போதுதான் இடைநிலை ஊதிய வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்பது தெரியவரும்.